பதிவுக்கு முன்பா, பதிவுக்குப் பின்பா? ஓபிஎஸ் ஸ்டுடியோவும் காம்டேசியாவும்

கணினித் திரையில் நடப்பதைப் பதிந்து பாடமாக்க நினைக்கும் ஆசிரியர், கணக்கு மென்பொருள் சொல்லித்தரும் பயிற்சியாளர், புதிதாகச் சேர்ந்தவருக்கு அலுவலக வேலை பழக்க விரும்பும் மேலாளர் என எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இலவசமாகக் கிடைப்பது போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா? விலைப்பட்டியலை மட்டும் பார்த்து இதற்கு விடை தேடினால் தவறான கருவி கைக்கு வந்து சேரும் என்பது என் எண்ணம். கட்டற்ற மென்பொருளும் விலை மென்பொருளும் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்வதில்லை. ஒன்று, எல்லா முடிவுகளையும் பதிவுப் பொத்தானை அழுத்தும் முன்பே எடுக்கச் சொல்கிறது. இன்னொன்று, முதலில் பதிந்துவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் உழைப்பு முன்னால் போக வேண்டுமா பின்னால் போக வேண்டுமா என்பதுதான் நீங்கள் தேர்ந்தெடுப்பது.

ஒப்பிடுவதற்கு ஓபிஎஸ் ஸ்டுடியோவையும் காம்டேசியாவையும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது கட்டற்றது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பதிவின்மீது தன் முத்திரையைக் குத்தாது. இத்தனை நிமிடம்தான் என்று வரம்பு போடாது. இரண்டாவது, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து டெக்ஸ்மித் நிறுவனம் விற்பது. விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும் ஓடும். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். இரண்டுமே தத்தம் வகையில் நன்கு முதிர்ந்தவை. அரைகுறையான ஒன்றை எதிரில் நிறுத்தி மற்றதை ஜெயிக்க வைத்தால் வாசகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இரண்டின் குணமும் அவை பிறந்த காரணத்திலிருந்தே வருகிறது. ஓபிஎஸ் 2012இல் பிறந்தது. ‘ஜிம்’ என்று அறியப்படும் ஹியூ பெய்லி என்ற நிரலர் தொடங்கிய சிறிய திட்டம் அது. கணினி விளையாட்டுகளை இணையத்தில் நேரலையாகக் காட்டுவோர் அதைச் சுற்றித் திரண்டார்கள். நேரலையில் பின்னால் திருத்திக்கொள்ளும் பேச்சே கிடையாது. திரையில் எது தெரிய வேண்டும், ஆளின் முகம் எந்த மூலையில் வர வேண்டும், மைக்கின் ஒலி எவ்வளவு, பின்னணி இசை எவ்வளவு எல்லாம் ஒளிபரப்பு தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். ‘சீன்’ (காட்சி), ‘சோர்ஸ்’ (காட்சியில் சேரும் திரை, முகம், ஒலி போன்ற மூலங்கள்) என்ற இரண்டு பெட்டிகளைச் சுற்றியே ஓபிஎஸ்ஸின் முகப்பு அமைந்திருப்பதற்குக் காரணம் அதுதான். பதிவு செய்வது அதில் ஒரு கூடுதல் பயன். கோப்பில் எழுதுவதும் அதற்கு ஒருவகை ஒளிபரப்புத்தான்.

டெக்ஸ்மித் 1987இல் தொடங்கிய நிறுவனம். திரையைப் படமாகப் பிடிக்கும் ஸ்னாகிட் அவர்களுடைய பழைய, பேர்பெற்ற கருவி. பயன்பாட்டுக் கையேடு எழுதுவோர், மென்பொருளுக்கு உதவி மையம் நடத்துவோர், நிறுவனப் பயிற்சியாளர்கள் ஆகியோரே அதன் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நேரலை தேவையில்லை. பிழையில்லாத விளக்கம் தேவை. நடுவில் இருமினால் வெட்ட வேண்டும், தவறான பட்டனை அழுத்தினால் மறைக்க வேண்டும், சிறிய எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். காம்டேசியா அந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டது. ஆகவே அதில் பதிவுக்கருவி சின்னது, தொகுப்புக்கருவி பெரியது.

இந்த வேறுபாடு கோப்புக்குள்ளேயே தெரியும். ஓபிஎஸ்ஸில் பதியும்போது திரை, கேமரா முகம், மேலே வைத்த எழுத்து, சின்னம் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே படமாகிக் குறியாக்கியின் வழியே கோப்புக்குள் போகின்றன. கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க முடியாததுபோல, அந்தக் கோப்பிலிருந்து முகத்தையோ கர்சரையோ தனியே எடுக்க முடியாது. முகம் ஒரு பொத்தானை மறைத்துக்கொண்டிருந்தால் மறைத்தது மறைத்ததுதான். காம்டேசியாவின் ‘ட்ரெக்’ கோப்பிலோ திரை தனியாக, கேமரா தனியாக, மைக் தனியாக, கணினியின் ஒலி தனியாக இருக்கின்றன. கர்சர் எங்கே நகர்ந்தது, எங்கே சொடுக்கியது என்பது படமாக இல்லாமல் தரவாகவே பதிவாகிறது.

கர்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மென்பொருள் பாடத்தில் மாணவரின் கண் தொடர்வது கர்சரைத்தான். சொல்லித்தருபவர் பேசிக்கொண்டே மவுஸைச் சும்மா ஆட்டிக்கொண்டிருப்பார். அது அவருக்கே தெரியாது. பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று புரியாமல் போகும். கைப்பேசியில் பார்ப்பவருக்குக் கர்சர் கண்ணிலேயே படாது. தமிழ்நாட்டில் இத்தகைய பாடங்களைப் பார்ப்பவர்களில் கைப்பேசியில் பார்ப்பவர்களை மறந்துவிட்டுப் பாடம் எடுக்க முடியாது. காம்டேசியாவில் பதிந்து முடித்த பிறகும் கர்சரைப் பெரிதாக்கலாம், அதன்மேல் மஞ்சள் வட்டம் போடலாம், தேவையில்லாத இடத்தில் மறைக்கலாம், அங்குமிங்கும் அலைந்த பாதையை நேராக்கலாம். ஓபிஎஸ்ஸில் பதிந்த கோப்பில் கர்சரும் மற்றப் புள்ளிகளைப் போல வெறும் புள்ளிகள்தான்; எதுவும் செய்ய முடியாது. காம்டேசியாவுக்குக் காசு கொடுப்பதற்கு ஒரேயொரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். காட்சிமாற்றங்கள், அலங்காரத் தலைப்புகள், ஆயத்த இசைத்துணுக்குகள் எல்லாம் வேறெங்கும் கிடைக்கக்கூடியவை.

ஓபிஎஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மவுஸ் இருக்கும் இடத்தை நோக்கித் திரையைப் பெரிதாக்கும் லுவா ஸ்கிரிப்ட் ஒன்றை ஆர்வலர் ஒருவர் எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார். ஒவ்வொரு சோர்ஸையும் தனித்தனிக் கோப்பாகப் பதியும் ‘சோர்ஸ் ரெக்கார்ட்’ என்ற செருகுநிரலும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் முகம் ஒரு கோப்பிலும் திரை ஒரு கோப்பிலும் சேரும். செருகுநிரல் எதுவும் இல்லாமலே, ஓபிஎஸ் ஒலியை ஆறு தடங்கள்வரை பிரித்துப் பதியும். மைக்கை ஒரு தடத்திலும் கணினி ஒலியை இன்னொரு தடத்திலும் வைத்தால் பின்னால் ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருத்தலாம். ஆனால் இவை அனைத்தையும் நீங்களே தேடிப்பிடித்து, பதியும் முன்பே அமைத்திருக்க வேண்டும். பதிந்து முடித்தபின் தெரிந்துகொண்டு லாபமில்லை.

செருகுநிரல்களை நம்பி இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2022இல் வந்த 28ஆம் பதிப்பில் ஓபிஎஸ் தன் முகப்புக்கான அடித்தள நூலகத்தை ‘க்யூட்டி 6’க்கு மாற்றியது. அன்றுவரை ஒழுங்காக ஓடிய பல செருகுநிரல்கள் புதுப்பிக்கப்படும்வரை வேலை செய்யவில்லை. அவற்றை எழுதியவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவர்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. நடுப்பருவத்தில் பாடம் பதிந்துகொண்டிருக்கும் ஆசிரியர் புதுப் பதிப்பு வந்த அன்றே மாறாமல் சில வாரம் பொறுப்பது நல்லது.

திரைப்பதிவைத் தமிழுக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் பெரியது மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தொடங்கி வைத்தது. மத்திய அரசின் கல்வி அமைச்சகம் நிதி தந்தது. கட்டற்ற மென்பொருள்களைச் சொல்லித்தரும் பத்து நிமிட அளவிலான பாடங்கள் அவை. திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். குரல் மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மாற்றப்படும். கட்டற்ற கருவிகளைச் சொல்லித்தரும் பாடத்தைக் கட்டற்ற கருவிகளைக் கொண்டே செய்ய முடியும் என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

அந்தத் திட்டம் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் ஒழுங்குக்காக. முதலில் உரையை எழுதுகிறார்கள். ஒரு பத்தியில் பேச வேண்டியது, எதிர்ப்பத்தியில் திரையில் செய்ய வேண்டியது. அந்தப் பாடம் அறவே தெரியாத ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்க்கிறார். அதன் பின்புதான் பதிவு. கருவி எளிமையானதாக இருந்தாலும் பதிவு சுத்தமாக வருவதற்குக் காரணம் இந்த முன்னேற்பாடு. ஓபிஎஸ் எதிர்பார்ப்பதும் இதே பழக்கத்தைத்தான். உரை எழுதி, ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுப் பதிபவருக்குக் காம்டேசியாவின் திருத்தும் வசதிகளில் பாதிக்குமேல் தேவைப்படாது. மனத்தில் இருப்பதை அப்படியே பேசிக்கொண்டே பதிபவருக்கு அவை அத்தனையும் தேவைப்படும். ஆசிரியர் தன் சுபாவத்தை அறிந்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது.

ஆனாலும் மொழிமாற்றம் செய்யும்போது காம்டேசியாவின் பக்கம் தராசு சாய்வதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் சட்டென்று முடியும் வாக்கியம் தமிழில் சற்று நீண்டே முடியும். பேச்சு முடியும் முன்பே திரையில் அடுத்த பெட்டி திறந்துவிடும். அங்கே திரையை அப்படியே சில நொடி நிறுத்திவைக்க வேண்டும். காம்டேசியாவின் டைம்லைனில் அந்தச் சட்டகத்தை நீட்டுவது ஒரு கட்டளை. பேச்சின் நீளத்துக்குத் திரை இழுபட்டு நிற்கும். கேடென்லைவ் போன்ற கட்டற்ற தொகுப்புக் கருவியிலும் இதைச் செய்யலாம். அந்தச் சட்டகத்தைப் படமாக எடுத்து நடுவில் செருக வேண்டும். ஒரு பாடத்தில் இப்படி ஓரிரு இடமென்றால் பொருட்டில்லை. ஆங்கிலப் பாடங்களை வரிசையாகத் தமிழாக்கும் குழுவுக்கு அந்தக் கூடுதல் வேலை நாள்கணக்கில் சேரும்.

இங்கே ஒப்பீட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஓபிஎஸ்ஸில் தொகுப்புக்கருவியே இல்லை. வீடியோவின் முதல் மூன்று நொடியை வெட்டக்கூட அதனால் முடியாது. ஆகவே காம்டேசியாவுக்கு எதிரில் ஓபிஎஸ்ஸை மட்டும் நிறுத்துவது சரியாகாது. ஓபிஎஸ், தொகுக்கக் கேடென்லைவ் அல்லது ஷாட்கட், ஒலியைச் செப்பனிட ஆடாசிட்டி என மூன்றையும் சேர்த்து நிறுத்த வேண்டும். மூன்றும் இலவசம், மூன்றும் கட்டற்றவை. மூன்றையும் தனித்தனியே கற்க வேண்டும் என்பதுதான் கொடுக்கும் விலை. ‘டாவின்சி ரிசால்வ்’ என்ற தொகுப்புக்கருவியின் இலவசப் பதிப்பைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது திறன்மிக்கது, ஆனால் கட்டற்றதல்ல, சாதாரண மடிக்கணினியில் திணறும்.

கேடென்லைவுக்கு ஒரு நல்வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற கருவியை அது 2023இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. விஸ்பருக்குத் தமிழும் தெரியும். உங்கள் கணினியிலேயே, இணையத்துக்கு எதையும் அனுப்பாமல், தமிழ்ப் பேச்சுக்கு வசன வரிகளை அது உருவாக்கும். பிழைகள் இருக்கும், பெயர்ச்சொற்களிலும் தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலத் தொழிற்சொற்களிலும் தடுமாறும். உட்கார்ந்து திருத்தியே ஆகவேண்டும். ஆனால் வெறும் தாளில் தொடங்குவதற்குப் பதில் அரைகுறை வரைவிலிருந்து தொடங்கலாம். காது கேளாத மாணவருக்கு அந்த வரிகள்தான் பாடமே. அதற்குச் சந்தா கட்டத் தேவையில்லாத நிலை வந்திருப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

மின்வெட்டைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் பதிவைப் பற்றிப் பேச முடியாது. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நாற்பது நிமிடம் பேசி முடிக்கும் நேரத்தில் மின்சாரம் போனாலோ கணினி உறைந்தாலோ அட்டவணை எழுதப்படாமல் போகும்; கோப்பு வட்டில் இருக்கும், திறக்காது. ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தில் பதிந்தால் இந்தக் கவலை இல்லை. மின்சாரம் போன நொடிவரை பதிந்தது பத்திரமாக இருக்கும். பிறகு ‘ஃபைல்’ பட்டியலில் இருக்கும் ‘ரீமக்ஸ்’ வசதியால் தரம் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். 2024இல் வந்த 30.2 பதிப்பு, கெட்டுப்போகாமலும் நேரடியாக எம்பி4 ஆகவும் இருக்கும் கலப்பு வடிவம் ஒன்றையும் கொண்டுவந்தது. யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் வேலை பார்ப்பவர் எந்த மென்பொருளை எடுத்தாலும், நடுவில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்து, பதிவு பிழைக்கிறதா என்று ஒரு தரம் சோதித்துவிட வேண்டும்.

வன்பொருள் பற்றிய அச்சம் பொதுவாக மிகைப்படுத்தப்படுகிறது. ஓபிஎஸ்ஸைத் திறந்தவுடன் எண்ணற்ற அமைப்புகளைக் கண்டு பலர் மிரள்கிறார்கள். பாடம் பதிய அவற்றில் சிலவே தேவை. நொடிக்கு 60 சட்டகம் விளையாட்டுக்குத்தான்; எக்செல் பாடத்துக்கு 30 தாராளம். இன்டெல் செயலியில் க்விக் சிங்க், என்விடியா அட்டையில் என்வென்க் என்று குறியாக்கத்துக்கென்றே தனிச் சுற்றுகள் இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்தால் செயலியின் சுமை வெகுவாகக் குறையும். அசைவு குறைந்த திரைக்கு நொடிக்கு 2,500 கிலோபிட் போதுமானது. அந்த வேகத்தில் ஒரு மணிநேரப் பாடம் சுமார் 1.1 ஜிபிதான் வரும். இரண்டு கிராஃபிக்ஸ் அட்டை உள்ள மடிக்கணினியில் திரை கறுப்பாகத் தெரிவது ஓபிஎஸ்ஸில் அடிக்கடி கேட்கும் புகார். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸை மின்சேமிப்பு அட்டைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காம்டேசியாவில் இப்படித் தேடி அலைய வேண்டிய தேவை குறைவு. அமைப்புகளைத் தானே முடிவு செய்துகொண்டு பதியத் தொடங்கிவிடும். வகுப்புக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில் பதிபவருக்கு அந்த எளிமையின் மதிப்பு தெரியும். மாறாக, பதிவு முடிந்து இறுதி வீடியோவாக்கும் வேளையில் காம்டேசியா கணினியை நன்றாகவே வேலை வாங்கும்.

ஒலியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மின்விசிறி இரைச்சலைக் குறைக்கும் ஆர்என்நாய்ஸ் வடிகட்டி 2020 முதல் ஓபிஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது. காம்டேசியாவிலும் இரைச்சல் நீக்கம் உண்டு. மோசமான மைக்கை இரண்டாலும் நல்ல மைக்காக்க முடியாது. சந்தாப் பணத்தில் ஒரு பகுதிக்கே கழுத்துப்பட்டையில் செருகும் நல்ல மைக் கிடைக்கும். கையில் இருக்கும் தொகை ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மைக்கை வாங்குங்கள்.

அந்தரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பதிந்துகொண்டிருக்கும்போது வங்கியின் ஓடிபி, வாட்ஸ்அப் செய்தி, மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் ஏதாவது திரையில் வந்து விழும். காம்டேசியாவில் பின்னால் அந்த இடத்தை மங்கலாக்கலாம். கேடென்லைவிலும் முடியும். ஓபிஎஸ்ஸில் அதைவிட உறுதியான வழி இருக்கிறது: முழுத்திரையைப் பதியாமல் ‘விண்டோ கேப்சர்’ மூலம் பாடத்துக்குரிய ஒரு சாளரத்தை மட்டும் பதிவது. பதிவாகாத ரகசியத்தை மறைக்க வேண்டியதில்லை. முன்கூட்டி முடிவெடுக்கச் சொல்லும் ஓபிஎஸ்ஸின் குணம் இந்த ஓரிடத்தில் தெளிவாக மேலானது என்று கருதுகிறேன்.

பணத்துக்கு வருவோம். காம்டேசியாவை முன்பு ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிடலாம். வாங்கிய பதிப்பை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்து ஓட்டலாம். அண்மை ஆண்டுகளில் டெக்ஸ்மித் அந்த முறையைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறிவிட்டது. நிறுவனத்துக்கு அதற்கான நியாயங்கள் இருக்கும். வாங்குபவர் யோசிக்க வேண்டியது வேறு. பத்து ஆண்டு தொடர்ந்து பாடம் நடத்தப் போகும் ஓர் ஆசிரியருக்குச் சந்தா என்பது பத்து ஆண்டுச் செலவு. அதைவிட முக்கியம், அவர் உருவாக்கும் திட்டக்கோப்புகளின் கதி. வெளியிட்டு முடித்த எம்பி4 எப்போதும் அவருடையது. ஆனால் திருத்தக்கூடிய மூலம், அதாவது கர்சர் தரவும் தனித்தனித் தடங்களும் அடங்கிய திட்டம், காம்டேசியாவுக்கு மட்டுமே புரியும். சந்தாவை நிறுத்திய பின் மூன்றாம் பாடத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் திரும்பவும் சந்தா கட்ட வேண்டும், அல்லது பாடத்தையே புதிதாகப் பதிய வேண்டும்.

கட்டற்ற பக்கத்தில் நிலைமை வேறு. பழைய ஓபிஎஸ்ஸையும் 2016இல் நிறுத்தினார்கள். அடியிலிருந்து மாற்றி எழுதப்பட்ட ஓபிஎஸ் ஸ்டுடியோ அதன் இடத்துக்கு வந்தது. பழையதில் பதிந்த கோப்புகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவை எந்த இயக்கியிலும் ஓடும் சாதாரண வீடியோக்கள். ஓபிஎஸ்ஸின் நிரல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் இருப்பதால் நாளை அந்தக் குழு கலைந்தாலும் வேறொரு குழு எடுத்து நடத்தலாம். அந்த உரிமத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. நிரலை எடுத்து மாற்றி விநியோகிப்பவர் தன் நிரலையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும். 2021 டிசம்பரில் டிக்டாக் சோதனை செய்த ஒளிபரப்பு மென்பொருளில் ஓபிஎஸ் நிரல் அந்த விதிக்குப் புறம்பாகக் கலந்திருப்பதாக நிரலர்கள் கண்டு சொன்னார்கள். அதற்குச் சற்று முன்புதான், தன் மென்பொருளின் பெயரில் ‘ஓபிஎஸ்’ஸைச் சேர்த்துக்கொண்டிருந்த ஸ்ட்ரீம்லேப்ஸ் நிறுவனம் எதிர்ப்புக்குப் பின் அந்த எழுத்துகளை நீக்கியது. கட்டற்றது என்றால் கேட்பாரற்றது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அறிந்திருக்க வேண்டும்.

இலவசம் என்ற சொல் ஒன்றே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கும் சான்று இருக்கிறது. காம்ஸ்டுடியோ என்ற திரைப்பதிவுக் கருவி ஒருகாலத்தில் விண்டோஸில் பெயர்பெற்ற கட்டற்ற மென்பொருள். பிற்காலத்தில் அதன் நிறுவல் கோப்போடு வேண்டாத நிரல்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. மக்கள் அதைக் கைவிட்டார்கள். ஓபிஎஸ்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்தோ லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்திலிருந்தோ மட்டும் இறக்குவதே சரி. தேடல் முடிவில் விளம்பரமாக வரும் இணைப்பைத் தொடக்கூடாது. அதேபோல, காம்டேசியாவின் ‘கிராக்’ பதிப்பை எங்கிருந்தோ இறக்கி ஓட்டுவது நம் ஊரில் சகஜமாக இருக்கிறது. உரிமை மீறல் என்பது ஒருபுறம். திரையையும் மைக்கையும் அணுக அனுமதி கொடுத்த ஒரு நிரலில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும். அந்த வழியை மூன்றாவது தேர்வாக யாரும் கருத வேண்டாம்.

மொழி விஷயத்தில் ஓபிஎஸ்ஸுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு உண்டு. விடுபட்ட சொல்லையோ தவறான சொல்லையோ யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். காம்டேசியாவின் முகப்பில் தமிழ் இல்லை; அதைச் சேர்க்கும் அதிகாரம் நமக்கும் இல்லை. உடனடிப் பயன் என்று பார்த்தால் இது சிறிய வேறுபாடுதான், நம்மில் பலர் ஆங்கில முகப்பிலேயே பழகிவிட்டோம். கிராமத்துப் பள்ளியில் முதன்முதலாக ஒளிபரப்புக் கருவியைத் தொடும் மாணவிக்கு அது சிறிய வேறுபாடு இல்லை.

இனி என் தீர்ப்பு. சொந்தப் பணத்தில், சொந்தக் கணினியில், ஆண்டுதோறும் பாடம் பதியும் தனி ஆசிரியருக்கு ஓபிஎஸ்ஸும் கேடென்லைவும் போதும். கற்றுக்கொள்ளச் செலவாகும் ஆரம்ப வாரங்கள் வீண்போகாது. லினக்ஸில் வேலை செய்பவருக்குக் காம்டேசியா என்ற வழியே கிடையாது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. அப்படி ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு ஒரே கருவியைக் கொடுக்க வேண்டிய அரசுத் துறைக்கும், ஆளுக்கொரு சந்தா என்ற கணக்கு எந்நாளும் கட்டுப்படியாகாது. நேரலை வகுப்பு எடுப்பவருக்கும் ஓபிஎஸ்தான்.

காம்டேசியா யாருக்கு? மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரையின் தோற்றம் மாறுகிறது. பழைய பாடத்தில் இருபது நொடியை மட்டும் வெட்டிப் புதியதை வைக்க வேண்டும். கர்சர் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். ஐந்து பேர் மாறி மாறித் தொகுத்தாலும் தோற்றம் ஒன்றாக இருக்க வேண்டும். வீடியோவுக்குள் வினா வைத்து, மூடில் போன்ற கற்றல் தளத்துக்கு ஸ்கார்ம் பொதியாக அனுப்ப வேண்டும். அங்கே ஊழியர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சந்தா பெரிய தொகை இல்லை. அந்த இடத்தில் கொள்கைக்காகக் கட்டற்றதை வற்புறுத்தினால் வேலை செய்பவர்தான் அவதிப்படுவார்.

இரண்டுமே தேவைப்படாதவர்களும் நிறைய இருக்கிறார்கள். நண்பருக்கு ஒரு படிவம் நிரப்பும் முறையைக் காட்ட வேண்டும், பழுதைப் பதிந்து தொழில்நுட்ப உதவியாளருக்கு அனுப்ப வேண்டும் என்ற அளவில் தேவை இருந்தால் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும், மேக்கில் கமாண்ட், ஷிப்ட், 5 ஆகிய மூன்று விசைகளிலுமே பதிவு வசதி இருக்கிறது.

இரண்டையும் கலந்து பயன்படுத்த நினைப்பவருக்கு ஒரு தகவல். ஓபிஎஸ்ஸில் பதிந்த எம்பி4ஐக் காம்டேசியாவில் ஏற்றித் தொகுக்கலாம். வெட்டலாம், பெரிதாக்கலாம், குறிப்பு எழுதலாம். ஆனால் கர்சர் தரவு அதில் இல்லாததால் காம்டேசியாவின் தலையாய பலம் கிடைக்காது. ஆகவே காம்டேசியாவை வாங்கினால் பதிவையும் அதிலேயே செய்யுங்கள். வாங்கும் முன் சோதனைப் பதிப்பில் உங்கள் பாடம் ஒன்றையே முழுக்கச் செய்து பாருங்கள். வெளியிடும் வீடியோவில் நீர்க்குறி விழும், அது பரவாயில்லை. தமிழ்த் தலைப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகின்றனவா, நீங்கள் பழகிய எழுத்துரு ஏற்கப்படுகிறதா என்பதை அப்போதே பார்த்துவிட வேண்டும். அதே பாடத்தை ஓபிஎஸ்ஸில் பதிந்து கேடென்லைவில் தொகுத்து, இரண்டு வீடியோவையும் கைப்பேசித் திரையில் ஒரு மாணவரிடம் காட்டிக் கேளுங்கள்.